பார்க்கவும் சொல்லவும் தெரிந்த செவிலியர்

ஒரு மேசை, நல்ல வெளிச்சம் தரும் விளக்கு, கருப்பைவாய் கண்ணில் படும்படி வழியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவி, கொஞ்சம் பஞ்சு, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த நீர். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். மளிகைக் கடையில் விற்கும் வினிகரும் இதே சரக்குதான். கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் தடயத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு பொருள்கள் போதும். ஆய்வுக்கூடம் வேண்டாம். மின்சாரம் போய்விட்டால் டார்ச் லைட் வைத்துக்கூடப் பார்த்துவிடலாம். முடிவு தெரிய நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் போதும்.

இந்தப் பட்டியலில் ஓர் ஆளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மேசையருகே நிற்கும் செவிலியர். அவருக்கு இரண்டு வேலைகள் தெரிந்திருக்க வேண்டும். கருப்பைவாயில் தோன்றும் வெண்மையைப் பார்த்து அது எத்தகையது என்று பிரித்தறிவது ஒரு வேலை. வலியே இல்லாத, தனக்கு நோய் ஏதும் இருப்பதாக நினைக்காத ஒரு பெண்ணை அந்த மேசை வரை வரவைப்பதும், பார்த்ததை அவளுக்கு விளங்கும்படி சொல்லி அனுப்புவதும் மற்றொரு வேலை. முதலாவதைக் கற்றுத்தர வண்ணப் படங்களோடு கையேடுகள் இருக்கின்றன. இரண்டாவதை, அதெல்லாம் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் செஞ்சி போன்ற தாலுகா ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இந்தச் சோதனை வெற்றிபெறுவதும் தோற்பதும் இரண்டாவதில்தான் என்பது என் கட்சி. அதற்கான ஆதாரம் தமிழ்நாட்டிலேயே கிடக்கிறது.

முதலில் நிலவரம். 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,23,907 பெண்களுக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் வந்ததாகவும் 77,348 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான குளோபோகன் மதிப்பிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டதுண்டா என்று கேட்டது. உண்டு என்றவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 1.9 பேர். தமிழ்நாட்டில் 9.8 பேர். மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம். மார்தட்டிக்கொள்ளலாம் என்றால், பத்தில் ஒன்பது பெண்கள் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளாத மாநிலத்துக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோய் எப்படி வருகிறது? காரணம் ஒரு வைரஸ். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு கருப்பைவாய்ப் புற்றுக்கட்டிகளில் 1983-இல் இதன் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் கண்டுபிடித்தது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் ஏற்படும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். உடலுறவால் தொற்றும் வைரஸ் இது. ஆனால் ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல், உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் என்றாவது தொற்றிவிடுகிற வைரஸும்கூட. கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். நடத்தையோடு இதை முடிச்சுப் போடுவதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதைத் துரத்திவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

போகாமல் தங்கிவிடும் சிலரிடம்தான் வம்பு. கருப்பைவாயின் வெளிப்பரப்பில் தட்டையான செல்கள் பல அடுக்குகளாக இருக்கும். உள்ளே செல்லும் கால்வாயில் தூண் போன்ற நெடிய செல்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில், பருவமெய்திய காலம் தொட்டுத் தூண் செல்கள் தட்டைச் செல்களாக மாறியபடியே இருக்கின்றன. ஓயாத மாற்றம் நடக்கும் இந்த வளையத்தில்தான் வைரஸ் எளிதாகக் காலூன்றுகிறது. அதன் இ6, இ7 என்ற இரு புரதங்கள், செல் தறிகெட்டுப் பெருகாமல் காவல் காக்கும் பி53, ஆர்பி என்ற நம் புரதங்களை முடக்கிப் போடுகின்றன. காவல் போனபின் செல்கள் நிறுத்தமில்லாமல் பிளந்து பெருகுகின்றன.

இருந்தாலும் அது இன்னும் புற்றுநோய் இல்லை. செஞ்சியின் பழைய கதையை வைத்தே இதைச் சொல்லலாம். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் படை செஞ்சிக் கோட்டையை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் விட்டுவிட்டு முற்றுகையிட்டது. மதில் தாண்டும் வரை கோட்டை மராத்தியர் கையில்தான் இருந்தது. மாறிப்போன செல்களும் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய மதிலுக்கு மேலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கினால்தான் அதன் பெயர் புற்றுநோய். நல்ல நோய் எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணிடம் தொற்றிலிருந்து புற்றுநோய் வரையிலான பயணத்துக்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குலைந்த பெண்ணிடம் 5 முதல் 10 ஆண்டுகளே போதும். இத்தனை நீண்ட முற்றுகையில் வலி இராது, இரத்தப்போக்கு இராது. மாதவிலக்கு இல்லாத நாளில் இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்றபின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் என்று உடல் கூச்சலிடத் தொடங்கும்போது பெரும்பாலும் மதில் விழுந்திருக்கும்.

வினிகர் இங்கே என்ன செய்கிறது? அசிட்டிக் அமிலம் செல்லுக்குள் இருக்கும் புரதங்களைத் தற்காலிகமாகத் திரளச் செய்கிறது. இயல்பான தட்டைச் செல்லில் உட்கரு சிறியது, புரதமும் குறைவு. திரண்டாலும் ஒளி ஊடுருவிப் போய், அடியில் ஓடும் இரத்தக் குழாய்களின் இளஞ்சிவப்பைக் காட்டிவிடும். மாறிய செல்களிலோ உட்கரு பெருத்திருக்கிறது, புரதம் அடைந்து கிடக்கிறது. அது திரண்டதும் ஒளி உள்ளே போக முடியாமல் திரும்பிவிடுகிறது. அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. சில நிமிடங்களில் வெண்மை மறைந்துவிடும். தடவியது உடலில் தங்குவதில்லை.

சங்கதி புதிதல்ல. 1925-இல் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை உருவாக்கிய ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மன் அந்தக் காலத்திலேயே இந்த அமிலத்தைப் பயன்படுத்தினார். வியன்னாவின் வால்ட்டர் ஷில்லர் அயோடினை எடுத்துக்கொண்டார்: கிளைக்கோஜன் நிறைந்த இயல்பான செல்கள் அயோடினைக் குடித்துக் கரும்பழுப்பாகும், கிளைக்கோஜன் இல்லாத மாறிய செல்கள் கடுகு மஞ்சளாக நின்றுவிடும். பின்னர், செல்களைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்கும் பாப்பநிக்கோலாவின் பாப் ஸ்மியர் சோதனை வந்து 1940-களுக்குப் பின் மேலை நாடுகளை ஆண்டது. அங்கே இந்த நோயின் சாவுகளைப் பெருமளவு குறைத்த சோதனை அது. ஆனால் அதற்குக் கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் படிக்கத் தெரிந்த நிபுணர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். எல்லாவற்றையும்விட, முடிவு தெரிந்துகொள்ள அந்தப் பெண் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வர வேண்டும். வராத பெண்ணின் சில்லில் எது தெரிந்தும் பயனில்லை. அதனால்தான் இந்தியா போன்ற நாடுகளில் பழைய வினிகருக்குப் புது வாழ்வு கிடைத்தது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, வி.ஐ.ஏ. சோதனை என்று இப்போது அதற்குப் பெயர்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோயும் இல்லை. இயல்பாக மாறிக்கொண்டிருக்கும் இளம் செல்களும் மங்கலாக வெளுக்கும். அழற்சி இருந்தால் அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுக்கும். நபோத்தியன் என்ற தீங்கில்லாத சிறு நீர்ப்பைகள் பொட்டுப் பொட்டாகத் தோன்றும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, செல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, ஓரம் தெளிவாக, அடர்ந்து, ஒளி புகாமல் நிற்கும் வெண்மையை மட்டும் பொறுக்கியெடுக்கக் கண் பழக வேண்டும். ஆர். சங்கரநாராயணனும் ரமணி வெஸ்லியும் எழுதிய செய்முறைக் கையேட்டைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003-இல் வெளியிட்டது. பக்கத்துக்குப் பக்கம் படங்கள் கொண்ட அந்த நூல் இதைத்தான் சொல்லித்தருகிறது. புத்தகம் மட்டும் போதாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க, நூற்றுக்கணக்கான கருப்பைவாய்களைப் பார்த்துத் தேற வேண்டும். தேறியபின்னும் கண் மெல்ல வழுகும். சிலர் எதையும் வெள்ளை என்று எழுத ஆரம்பிப்பார்கள், சிலர் எதையுமே எழுதமாட்டார்கள். இடையிடையே யாராவது சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செவிலியர் கண்ணை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையம், மேற்சொன்ன பன்னாட்டு முகமையோடும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோடும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வில் இறங்கியது. மாவட்டத்தின் 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை வினிகர் சோதனை செய்வார்கள். மற்ற 57-இல் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும். வெண்மை தெரிந்தால் கால்போஸ்கோப் வைத்துப் பார்ப்பதும், திசுத் துணுக்கு எடுப்பதும், பொருத்தமானவர்களுக்கு அன்றே, அந்த இடத்திலேயே குளிர்சிகிச்சை கொடுப்பதும்கூடச் செவிலியர்களின் வேலையாக இருந்தது. மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த உலோக முனையை மூன்று நிமிடம் வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் வைத்தால் மாறிய செல்கள் உறைந்து மடியும். கருப்பைவாயில் வலி உணரும் நரம்புகள் குறைவு என்பதால் பொதுவாக மயக்க மருந்து தேவைப்படுவதில்லை.

2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 2000 முதல் 2006 வரையிலான கணக்குப்படி, சோதனை நடந்த தொகுதிகளில் புற்றுநோய் 25 விழுக்காடு குறைந்திருந்தது. அதனால் ஏற்பட்ட சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. முப்பதுகளில் இருந்த பெண்களுக்குப் பலன் மிக அதிகம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஒரு செவிலியர், ஒரு நிமிட வினிகர். இப்படி ஒரு முடிவு உலகில் எங்கும் அதற்கு முன் நிரூபிக்கப்பட்டதில்லை. நல்ல பயிற்சியும் தொடர்ந்த தரக் கண்காணிப்பும் இருந்தால் என்ற நிபந்தனையை ஆய்வாளர்கள் தங்கள் முடிவுரையிலேயே சேர்த்திருந்தார்கள். அந்த நிபந்தனையைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஆய்வின் மீது ஒரு மனத்தாங்கலும் உண்டு. சோதனை கிடைக்காத 57 தொகுதிகளில் இருந்த பெண்களுக்கு ஏன் எதுவுமே தரவில்லை என்று பிற்பாடு அறவியலாளர்கள் கேட்டார்கள். மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்த இதே மாதிரியான ஆய்வுகளுக்கும் அந்தக் கேள்வி எழுந்தது. அப்போதைய கிராமப்புற இந்தியாவில் வழக்கமான வசதி என்பதே பூஜ்யம்தான் என்பது ஆய்வாளர் தரப்பு. உண்மைதான், ஆனாலும் கேள்வி செத்துப்போகவில்லை. அந்தப் பெண்களுக்குக் கடன் தீர வேண்டுமென்றால் கிடைத்த அறிவைப் பயன்படுத்தியாக வேண்டும். பயன்படுத்துகிறோமா?

இப்போது அதே திண்டுக்கல் கணக்கின் மற்ற இரண்டு எண்களைப் பாருங்கள். சோதனைக்குத் தகுதியான 49,311 பெண்களில் வந்து பார்த்துக்கொண்டவர்கள் 31,343 பேர். காசு கேட்கவில்லை, ஊருக்குள்ளேயே முகாம் நடந்தது, வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். அப்படியும் 17,968 பேர் வரவில்லை. அடுத்த எண்: புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பதாக உறுதியான 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு. மீதி ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மேசை வரை வந்தவர்கள், பரிசோதித்துக்கொண்டவர்கள், முடிவையும் கேட்டவர்கள். கடைசி அடியை மட்டும் எடுத்து வைக்கவில்லை. கண் வேலை அங்கே முடிந்துவிட்டது. பேச்சுதான் பாதியில் நின்றது. உலகமே பாராட்டிய, பணமும் ஆளும் நிறைந்த ஓர் ஆய்விலேயே இப்படி என்றால், சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன நடக்கும் என்று யோசிக்கலாம்.

செஞ்சிக்கு வருவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தக் கோட்டையும் சேர்ந்தபின் அதன் ராஜகிரிக் குன்றில் ஏற வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குச் செஞ்சி என்பது வேறு: நெல் மூட்டை போடும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு மாறும் பஸ், பெரியாஸ்பத்திரி. நடவும் மல்லாட்டை பறிப்பும் இருக்கும் நாளில் நாற்பது வயதுப் பெண் எந்த முகாமுக்கும் வரமாட்டாள். மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவ நாளில் பரிசோதனை முகாம் வைத்தால் செவிலியரும் ஸ்பெகுலமும் மட்டும்தான் இருப்பார்கள். சென்னையில் அச்சடித்த நாட்காட்டிக்கு இது தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். நாள் குறிக்கும் உரிமையை அவரிடம் கொடுப்பதே பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

பிறகு பேச்சு. “எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே சிஸ்டர், எதுக்குப் பாக்கணும்?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளில் அதற்குப் பதில் இராது. அவை அறிகுறிகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிடும். படித்துப் பார்க்கும் பெண் அவற்றில் எதுவும் தனக்கில்லை என்று நிம்மதியாக வீட்டிலேயே இருந்துவிடுவாள். நல்லெண்ணத்தோடு செய்யும் மிகப் பெரிய தவறு இதுவே. “ஒண்ணும் இல்லாதப்ப பாக்குறதுதான்க்கா இது. தொந்தரவு வந்தப்புறம் பாத்தா அது வேற வைத்தியம். ஊசி கெடையாது, கத்தி கெடையாது, ரத்தம் எடுக்க மாட்டோம். உள்ள ஒரு தண்ணி தடவிட்டு ஒரு நிமிஷம் பாப்போம். லேசா எரியும், அவ்ளோதான். பாக்கறது நான்தான், வேற யாரும் உள்ள வர மாட்டாங்க” என்று சொல்லத் தெரிந்த செவிலியர், கருவியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார். எரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டு எரிந்தால் அடுத்த வார்த்தையை யாரும் நம்பமாட்டார்கள்.

‘ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே எனக்கு என்ன’ என்பவர்கள் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணுக்கும் கருப்பைவாய் அப்படியேதான் இருக்கிறது. கணவர் இறந்து பத்து வருஷமாயிற்று என்று கூச்சத்தோடு ஒதுங்குபவர்களிடம், பழைய தொற்று இத்தனை காலம் கழித்தும் வேலை காட்டும் என்பதை நான்கு பேர் காதில் விழாமல் சொல்ல வேண்டும். நேர்மாறாக, மாதவிலக்கு நின்று வெகு காலமான பெண்களிடம் இந்தச் சோதனையின் குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அந்த வயதில் செல்கள் சந்திக்கும் எல்லை கால்வாய்க்குள் ஏறிவிடுவதால் வெறுங்கண்ணால் பார்ப்பது நம்பகமாக இராது. முகாமுக்கு ஓய்வாக வரக்கூடியவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான். தேவைப்படும் முப்பது வயதுக்காரி வயலிலோ அடுப்படியிலோ பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலோ இருப்பாள். எண்ணிக்கையை நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடியில் வந்தவர்களையே பார்த்துக் கணக்கு எழுதும் ஆபத்து இங்கே இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான பேச்சு, வெண்மை தெரிந்தபின் பேச வேண்டியது. திண்டுக்கல்லில் பார்த்துக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு வெண்மை தெரிந்தது. இத்தனை பேருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. “இது கேன்சர் இல்லக்கா. விட்டா என்னைக்காவது ஆகலாம்னு ஒரு சந்தேகம். இப்பவே சரி பண்ணிடலாம்” என்ற மூன்று வாக்கியங்களை, அந்தப் பெண் படபடப்பு அடங்கித் திரும்பச் சொல்லும் வரை சொல்ல வேண்டும். அதன் பிறகு எங்கே போவது, என்றைக்கு, எந்த அறையில் யாரைப் பார்ப்பது என்பதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பினால் அவள் செஞ்சி பஸ் நிலையத்தோடு திரும்பிவிடுவாள். வீட்டில் கணவனுக்கும் மாமியாருக்கும் என்ன சொல்வது என்பதும் அவள் கவலை. தேவைப்பட்டால் அவர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் நடப்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது இன்னொரு பெரிய சறுக்கல். குளிர்சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்குத் தண்ணீராகக் கசிவு இருக்கும். புண் ஆறுவதற்கு நான்கு வாரம் உறவு கூடாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அது எதிர்பார்த்த விஷயம். சொல்லாமல் விட்டால், நல்லா இருந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கெடுத்துவிட்டார்கள் என்ற சேதி மறுநாள் தெருக் குழாயடிக்குப் போய்ச் சேரும். அடுத்த முகாம் அந்த ஊரில் ஈ ஓட்டும்.

இதையெல்லாம் கற்றுத்தர முடியுமா? முடியும். கண்ணுக்குப் படம் காட்டிப் பழக்குவதுபோல் நாக்கையும் பழக்கலாம். ஒரு செவிலியர் கிராமத்துப் பெண்ணாக உட்கார, இன்னொருவர் பேச, மற்றவர்கள் குறை சொல்ல, மறுபடி பேச வேண்டும். என் தரப்பில் இன்னொரு யோசனையும் உண்டு. இந்தியச் செவிலியர்களிடையே நடந்த ஆய்வுகள் பலவற்றில், நோயைப் பற்றி நன்றாக அறிந்தவர்களில்கூடப் பெரும்பாலோர் தாங்கள் பரிசோதித்துக்கொள்ளாதவர்களாகவே இருந்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் செவிலியருக்கு, விருப்பமிருந்தால், அங்கேயே பரிசோதனை செய்துவிடலாம். மேசையில் ஒருமுறை படுத்து எழுந்தவர் சொல்லும் ‘வலிக்காதுக்கா’வுக்குத் தனி எடை உண்டு.

தமிழக அரசு இந்தப் பாதையில் பலருக்கும் முன்னே நடந்த அரசு. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முயற்சியாகக் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தொடங்கி, பிறகு தொற்றா நோய்த் திட்டமாக மாநிலம் முழுவதும் விரித்தது. அதற்கென்றே செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். 2023-இல் ஈரோடு, திருப்பூர், கன்னியாகுமரி, ராணிப்பேட்டை மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் முயற்சி நடந்தது. கட்டமைப்பு இருக்கிறது. அதில் ஓடும் பேச்சின் தரத்தை அளக்க மட்டும் நம்மிடம் பதிவேடு இல்லை. எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கட்டம் இருக்கிறது. வெண்மை தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கட்டம்தான் செவிலியரின் உண்மையான மதிப்பெண்.

வினிகர் இனி எத்தனை காலம் என்ற கேள்வியும் நியாயமானதே. உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. வைரஸின் மரபணுவைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையை ஒரே ஒருமுறை செய்தால் இந்நோயின் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்றது அது. அதே ஆய்வில் வினிகர் சோதனை குறிப்பிடத்தக்க பலன் காட்டவில்லை. மும்பைக் குடிசைப் பகுதிகளிலோ, பத்தாம் வகுப்பு படித்த சுகாதாரப் பணியாளர்களே செய்த வினிகர் சோதனை சாவை 31 விழுக்காடு குறைத்தது. கண்ணை நம்பிய சோதனை ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் டி.என்.ஏ. சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. ஒரு சிறு பிரஷ் கொண்டு அந்தப் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கவும் வழி சொன்னது. கூச்சப்படும் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. பார்க்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். சொல்லும் வேலை இன்னும் கடினமாகும். உடலுறவால் தொற்றும் ஒரு வைரஸ் இருக்கிறது என்று ஒரு குடும்பப் பெண்ணிடம், கணவன் மீதோ தன் மீதோ பழி விழாமல் சொல்ல வேண்டுமே! வீட்டில் சண்டை மூட்டிவிடாமல் அந்தச் செய்தியைச் சொல்ல இன்றைக்கே பழக்கத் தொடங்கினால் நல்லது.

தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் தயாராகும் செர்வாவேக் 2022-இல் அனுமதி பெற்றது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடத் தமிழக அரசின் 2025-26 பட்ஜெட் நிதி ஒதுக்கியது. ஒரு தவணையே போதுமான பாதுகாப்புத் தரும் என்று உலகம் நம்புவதற்கு வழி காட்டிய இந்திய ஆய்வில் அம்பிளிக்கையும் ஒரு மையம். ஆனால் இன்று ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமியின் அம்மாவுக்கு அந்த ஊசியால் பயன் இல்லை. அவருக்கு மேசையும் விளக்கும்தான். மகளுக்கு ஊசி போட வரும் நாளிலேயே அம்மாவிடம் பேசிவிடலாம்.

செஞ்சிப் பக்கத்திலோ வேறு எங்கோ இதைப் படிக்கும் நீங்கள் 30 வயது கடந்த பெண்ணாக இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கருப்பைவாய்ப் பரிசோதனை என்று கேளுங்கள், காசு கிடையாது. மாதவிலக்கு நாளைத் தவிர்த்துவிடுங்கள். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டால் முகாமுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முடிவு நன்றாக இருந்தால் ஐந்து ஆண்டு கழித்து மறுபடி போக வேண்டும். ஏதாவது தெரிந்ததாகச் சொன்னால், எங்கே, என்றைக்கு, யாரிடம் வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.